பெட்டிக்குள் இருந்த குழந்தை

1

1901இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஷர்ட்வெயிஸ்ட் கம்பெனியில் ஒரு சிறுமி வேலைக்குச் சேர்ந்தார். பெயர் பாலின் நியூமன். லிதுவேனியாவிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்த யூதக் குழந்தை. ஷர்ட்வெயிஸ்ட் என்பது அந்தக் காலத்துப் பெண்கள் அணிந்த மேல்சட்டை. தைத்து முடித்த சட்டைகளில் தொங்கிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் பிசிறு வெட்டுவது என்போம்.

அவரைப் போலவே இன்னும் பல பிள்ளைகள் ஒரு மூலையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாதென்று அப்போதே சட்டம் இருந்தது. அதைப் பார்க்க ஆய்வாளரும் இருந்தார். அவர் வரும்போது என்ன நடக்கும் என்பதைப் பின்னாளில் நியூமன் பலமுறை சொல்லியிருக்கிறார். சட்டைகள் போட்டுவைக்கும் பெரிய பெட்டிகளுக்குள் பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். மேலே சட்டைகளை அள்ளிப் போட்டு மூடிவிடுவார்கள். ஆய்வாளர் வருவார், பார்ப்பார், போவார். குழந்தைகள் யாரும் இல்லை.

இதைப் படித்த நாளிலிருந்து அந்த ஆய்வாளரைப் பற்றியேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர் லஞ்சம் வாங்கியவராக இருக்கலாம். வாங்காதவராகவும் இருந்திருக்கலாம். வாங்காதவர் என்றே வைத்துக்கொள்வோம். தன் அறிக்கையில் அவர் பொய் எழுதவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். அந்தத் தளத்தில் இருந்த எல்லோருக்கும் உண்மை தெரியும். முதலாளிக்கும் மேஸ்திரிக்கும் தெரியும், தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் தெரியும், பெட்டிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். ஆனால் அரசாங்கத்தின் ஏட்டில் ஏறப்போவது அந்தத் தெரியாதவரின் சாட்சியம் மட்டும்.

2

என் அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பதினேழு வருஷம் செக்கிங் வேலை பார்த்தவர். ஆடிட் வருகிற கதைகளை அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். வெளிநாட்டு பையரின் ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே கக்கூஸை ஆசிட் ஊற்றிக் கழுவுவார்கள். புது சோப்பு, புது டவல். எல்லோருக்கும் மாஸ்க். அவசர வழியை அடைத்துக் கிடக்கும் பண்டல்கள் வேறெங்கோ போய்விடும். முதலுதவிப் பெட்டியின் சாவி அதிசயமாகக் கிடைத்துவிடும். வயதுச் சான்று இல்லாத பிள்ளைகளுக்கு அன்று லீவு. மற்றவர்களுக்கு நாலைந்து பதில்கள் சொல்லிக்கொடுக்கப்படும். ஓவர்டைம் இஷ்டப்பட்டுத்தான் பார்க்கிறோம் என்பது அதில் ஒன்று.

"அன்னிக்கு ஒரு நாள் கக்கூஸ்ல ஊதுபத்தி மணக்கும் கண்ணு. சாயந்திரம் அவங்க கார் கெளம்புன ஒடனே சோப்பெல்லாம் ஆபீஸ் பீரோவுக்குப் போயிரும்" என்பார்.

இன்ஜினியரிங் முதல் வருஷம் படிக்கும்போது ஒருமுறை அவரிடம் கோபமாகக் கேட்டேன். "ஏம்மா, அவங்ககிட்ட நீ உண்மையச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லி? ஆர்டர் கைய விட்டுப் போச்சுன்னா சனிக்கெழம சம்பளம் ஆரு குடுப்பா, அந்த ஆடிட்டரா?"

அப்போது அது எனக்குத் தப்பிக்கிற பதிலாகத்தான் தெரிந்தது. உண்மையைச் சொல்வதற்குக் கணக்குப் பார்க்கக்கூடாது என்று நினைக்கிற வயசு. என் காலேஜ் ஃபீஸ் அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

நூறு வருஷத்துக்கு முந்தைய நியூயார்க், சிகாகோ பட்டறைகளின் கதையை நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு அம்மாவின் அந்தப் பதில்தான் காரணம். வேலை செய்யும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு விதி போடுகிறார்கள். அது நல்ல விதிதான். ஆனால் அந்த விதியால் காப்பாற்றப்பட வேண்டிய ஆளே அதை ஏமாற்ற உதவுகிறாள். அவள் செய்வது தப்பா? தப்பென்றால் யாருடைய தப்பு?

3

முதலில், இந்த விதிகள் யாருக்காகப் பிறந்தன என்று பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க் நகரத்து பேக்கரிகள் பெரும்பாலும் அடுக்குக் குடியிருப்புகளின் நிலவறைகளில் இருந்தன. அதற்குக் காரணம் உண்டு. அடுப்பின் கனத்தைத் தாங்கும் தரை அங்கேதான் இருந்தது, வாடகையும் குறைவு. ஆனால் அந்தக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய்கள் போவதும் அதே நிலவறை வழியாகத்தான். தலை நிமிர முடியாத கூரை, மாவுத் தூசி, அடுப்பின் வெக்கை, எலி, கரப்பான். வேலைக்காரர்கள் பலர் அங்கேயே படுத்துத் தூங்கினார்கள். பத்திரிகைகள் இதை எழுதியபோது நகரத்துக்குக் குமட்டியது. நாம் தின்கிற ரொட்டி இங்கிருந்தா வருகிறது?

1895இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் ஒருமனதாக பேக்கரிச் சட்டத்தை நிறைவேற்றியது. கூரை குறைந்தது எட்டடி உயரம் இருக்க வேண்டும். கழிப்பறை, ரொட்டி சுடும் அறையோடு சேர்ந்திருக்கக்கூடாது. தூங்கும் இடம் தனியாக வேண்டும். வீட்டு விலங்குகளை உள்ளே விடக்கூடாது, பூனையைத் தவிர. (எலிகளை யார் பிடிப்பது!) இவற்றோடு இன்னொரு விதியும் இருந்தது: ரொட்டி சுடுபவரை நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலோ, வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக்கூடாது.

யூட்டிகா நகரத்தில் ஜோசப் லாக்னர் என்ற பேக்கரி முதலாளி இந்த நேர வரம்பை மீறினார். இரண்டாவது முறை பிடிபட்டபோது ஐம்பது டாலர் அபராதம் விதித்தார்கள். அவர் வழக்காடினார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1905இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். எத்தனை மணி நேரம் உழைப்பது என்பது தொழிலாளியும் முதலாளியும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம், அரசு குறுக்கிட முடியாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

சட்ட மாணவர்கள் இந்த வழக்கை ஒப்பந்தச் சுதந்திரத்துக்காகப் படிப்பார்கள். என்னை உறுத்தியது வேறு. அந்தத் தீர்ப்பு எட்டடிக் கூரையைத் தொடவில்லை. கழிப்பறை விதியையும் தொடவில்லை. பூனைக்கான விலக்குகூடப் பத்திரமாக இருந்தது. சுகாதார விதிகள் நியாயமானவை, ஏனென்றால் ரொட்டி சுத்தமாக இருப்பது எல்லோருக்கும் நல்லது. ஆனால் ரொட்டி சுத்தமாக இருப்பதற்கும் அதைச் சுடுகிறவர் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பதற்கும் தொடர்பில்லை என்றது நீதிமன்றம். மாவுத் தூசி நுரையீரலை என்ன செய்கிறது, இரவு முழுக்க அடுப்பின் முன் நிற்பது உடம்பை எப்படித் தேய்க்கிறது என்றெல்லாம் நீதிபதி ஹார்லன் தன் மாற்றுத் தீர்ப்பில் விரிவாக எழுதினார். அது சிறுபான்மைக் குரலாக நின்றுவிட்டது.

அதாவது, ரொட்டிக்குச் சட்டம் இருந்தது. ரொட்டி சுடுகிறவருக்கு இல்லை. அவருடைய வியர்வை மாவில் விழக்கூடாது, அவ்வளவுதான். வியர்க்கிற உடம்பு அவர் பாடு.

4

சரி, வாங்குபவரின் பயத்தால் சட்டம் வந்தால் என்ன? எப்படியோ இடம் சுத்தமாகிறதே, அதன் பலன் தொழிலாளிக்கும் கிடைக்குமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சிகாகோவின் அம்மைக் கதையைப் படிக்கும் வரை.

1893இல் இல்லினாய் மாநிலம் முதன்முதலாகத் தொழிற்சாலை ஆய்வுத் துறையை ஏற்படுத்தியது. அதன் தலைமை ஆய்வாளராக ஃப்ளோரன்ஸ் கெல்லியை ஆளுநர் ஆல்ட்கெல்ட் நியமித்தார். அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர்தான் மொத்தத் துறையும். அடுத்த வருஷம் சிகாகோவில் பெரியம்மை பரவியது. நகரத்தின் துணித் தொழில் பெருமளவு வீடுகளுக்குள் நடந்தது. கம்பெனியில் வெட்டிய துணியை ஒப்பந்தக்காரர் வாங்கி, புலம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். சமைக்கிற, தூங்குகிற அதே அறையில் கோட்டும் தைப்பார்கள். ஒரு கட்டிலில் அம்மை கண்ட குழந்தை கிடக்கும், அதன் மேலேயே பாதி தைத்த கோட்டு கிடக்கும்.

அந்தத் துணிகளைக் கொளுத்த வேண்டும் என்று கெல்லி போராடினார். நகரச் சுகாதாரத் துறை இழுத்தடித்தது. கெல்லி விடவில்லை. அவர் பக்கம்தான் அறிவியல் இருந்தது. அந்தக் கோட்டு ஊர் ஊராகப் போய், யாரோ ஒரு வீட்டில் இன்னொரு குழந்தையின் மேல் விழும்.

ஆனால் அந்த வீடுகளில் என்ன நடந்தது? தாய்மார்கள் நோய்ப்பட்ட பிள்ளைகளை ஒளித்துவைத்தார்கள். ஆய்வாளர் கண்ணில் பட்டால் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், துணியைக் கொளுத்திவிடுவார்கள், வீட்டு வாசலில் எச்சரிக்கை அட்டை ஏறும், வேலை நின்றுபோகும். அதன் பிறகு அந்த வீடு எதைத் தின்னும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

இப்போது நம்மிடம் ஒளிக்கப்பட்ட குழந்தைகள் இரண்டு பேர். சிகாகோவில் ஒருத்தி, அவளை ஒளித்தது தாய். நியூயார்க்கில் ஒருத்தி, அவளை ஒளித்தது முதலாளி. ஒருவருக்குப் பயம், இன்னொருவருக்கு லாபம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் ஆய்வாளரின் ஏட்டில் இரண்டுக்கும் ஒரே வரிதான் விழும்: குழந்தை இல்லை.

அந்தத் தாய் செய்தது சரியென்றும் நான் சொல்லமாட்டேன். அவள் மறைத்ததால் வேறொருத்தியின் பிள்ளை செத்திருக்கலாம். ஏழை என்பதால் பொய் புண்ணியம் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பொய்க்கு மாற்றாக அவளிடம் கேட்கப்பட்டது என்ன என்று பார்க்க வேண்டும். ஊர் முழுவதற்குமான பாதுகாப்புக்கு ஆகும் செலவு மொத்தத்தையும் ஒரே வீட்டில், அதுவும் இருப்பதிலேயே ஏழை வீட்டில் வசூலிக்கப் பார்த்தார்கள். கொளுத்திய கோட்டுக்கும் நின்றுபோன வேலைக்கும் ஊர் பணம் கொடுத்திருந்தால் எத்தனை தாய்மார்கள் தாங்களாகவே கதவைத் திறந்து, வாங்க, இங்கதான் இருக்கான் என்று சொல்லியிருப்பார்கள்?

கெல்லி 1899இல் தேசிய நுகர்வோர் கழகத்தின் பொதுச் செயலாளர் ஆனார். சட்டத்தை மதித்து நடக்கும் தையல் கம்பெனிகளின் துணிகளுக்கு அந்தக் கழகம் ஒரு வெள்ளை லேபிள் கொடுத்தது. அதைப் பார்த்து வாங்குங்கள் என்று நடுத்தர வர்க்கப் பெண்களிடம் பிரச்சாரம் செய்தது. எங்கம்மா வேலை பார்த்த கம்பெனிக்கு வந்த ஆடிட்டருக்கு அந்த வெள்ளை லேபிள்தான் கொள்ளுப்பாட்டி. நல்ல மனசோடு பிறந்த யோசனைதான். ஆனால் இதிலும் தீர்ப்பு சொல்லும் இடத்தில் இருப்பது வாங்குகிறவர். தைக்கிறவர் சான்றிதழுக்குள் இருக்கும் ஒரு விவரம், அவ்வளவுதான்.

5

1910 ஜூலையில் நியூயார்க்கின் கோட்டுத் தையல் தொழிலாளர்கள், ஏறக்குறைய அறுபதாயிரம் பேர், வேலைநிறுத்தம் செய்தார்கள். செப்டம்பரில் வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸின் முயற்சியில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் ஒரு புதுமை இருந்தது. கூட்டுச் சுகாதாரக் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஒன்றை உருவாக்கினார்கள். முதலாளிகள் சங்கத்தின் ஆட்கள், தொழிற்சங்கத்தின் ஆட்கள், பொதுமக்கள் தரப்பில் லில்லியன் வால்ட் போன்ற சமூக சேவகர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அதன் பணிகளை முன்னின்று நடத்தியவர் டாக்டர் ஜார்ஜ் பிரைஸ். ரஷ்யாவிலிருந்து வந்து, நகரச் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்தவர். அடுக்குக் குடியிருப்புகளின் படிக்கட்டுகள் அவருக்குப் பழக்கம்.

வெளிச்சம், காற்று, கழிப்பறை, தீத்தப்பும் வழி என்று ஒவ்வொன்றுக்கும் வாரியம் அளவு வகுத்தது. பட்டறை பட்டறையாக ஆய்வு செய்தது. தேறியவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது. இதுவரை எல்லாம் பழைய கதைதான். புதுசு என்னவென்றால், தேறாதவர்களை என்ன செய்தது என்பது. வாரியத்துக்கு யாரையும் சிறையில் போட அதிகாரம் கிடையாது. முதலாளி சொன்னதைத் திருத்தவில்லை என்றால் தொழிற்சங்கத்துக்குத் தகவல் போகும். தொழிற்சங்கம் அந்தப் பட்டறையின் ஆட்களை வெளியே வரச் சொல்லும். கூலிக்காக இல்லாமல் கழிப்பறைக்காக, தீத்தப்பும் வழிக்காக ஒரு வேலைநிறுத்தம். அதற்கு சுகாதார வேலைநிறுத்தம் என்றே பெயர்.

யோசித்துப் பார்த்தால் இது தலைகீழான ஏற்பாடு. சிகாகோவில் விதி வாசலைத் தட்டும்போது தொழிலாளி உள்ளே ஒளிந்தார். இங்கே விதியை மீறினால் தொழிலாளி வெளியே நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் சங்கம் இருந்தது. வாரியத்தில் அவருடைய ஆளும் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்வதால் வரும் நஷ்டத்தை அவர் தனியாளாகச் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

வாரியம் அப்பழுக்கில்லாதது என்று சொல்ல வரவில்லை. உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட பெரிய முதலாளிகளுக்கு அதில் கணக்கு இருந்தது. சுகாதாரச் செலவைத் தாங்க முடியாத குட்டிப் பட்டறைகள் போட்டியிலிருந்து ஒழியும். புலம்பெயர்ந்தவர்கள் அழுக்கானவர்கள் என்ற இளக்காரமும் அந்தக் காலச் சீர்திருத்தவாதிகள் பலரிடம் இருந்தது. இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் யாருக்கு உண்மை ஏற்கனவே தெரியுமோ, அவரையே ஆய்வின் உறுப்பாக ஆக்கினார்கள். அந்த ஒரு விஷயத்தை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

6

டிரையாங்கிள் கம்பெனி இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இருந்தது. முந்தைய வருஷம் ஷர்ட்வெயிஸ்ட் பெண்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகும் அது தொழிற்சங்கத்தை ஏற்கவில்லை.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடிகிற நேரம். எட்டாவது மாடியில் தீ பிடித்தது. பத்தாவது மாடிக்குத் தொலைபேசியில் தகவல் போனது. ஒன்பதாவது மாடிக்குப் போகவில்லை. அங்கிருந்த பெண்கள் வாஷிங்டன் பிளேஸ் பக்கத்துப் படிக்கட்டுக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் சரிந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம் யூத, இத்தாலியப் பெண்கள். பலர் ஜன்னலிலிருந்து குதித்தார்கள். கட்டடத்துக்குப் பெரிய சேதமில்லை. தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர் வாங்கியது அது, இன்றைக்கும் நிற்கிறது.

வேலை நேரத்தில் கதவைப் பூட்டக்கூடாது என்று நியூயார்க் சட்டத்தில் அன்றைக்கே விதி இருந்தது. பெண்கள் துணி திருடிக்கொண்டு போய்விடக்கூடாது என்று ஒரே வழியாக வெளியேவிட்டுப் பையைச் சோதிப்பது கம்பெனியின் வழக்கம். டிசம்பரில் முதலாளிகள் மேல் வழக்கு நடந்தது. அந்த நேரத்தில் அந்தக் கதவு பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்பது நிரூபணமாக வேண்டும் என்றார் நீதிபதி. நிரூபணமாகவில்லை என்று ஜூரி அவர்களை விடுவித்தது. இரண்டு வருஷம் கழித்து, முதலாளிகளில் ஒருவரான மேக்ஸ் பிளாங்க் மறுபடியும் கதவைப் பூட்டிவைத்துப் பிடிபட்டார். அபராதம் இருபது டாலர்.

தெரியுமா தெரியாதா என்ற கேள்வியில் வழக்கே முடிந்துபோனது. அந்தக் கதவு பூட்டியிருக்கும் என்பது ஒன்பதாவது மாடிக்காரர்களுக்குத் தினசரி அனுபவம். அதைப் போய்ச் சொல்ல ஓர் இடமும், சொன்ன பிறகு திங்கட்கிழமை வேலைக்குப் போக ஒரு வழியும் அவர்களுக்கு இல்லை.

அதற்குப் பிறகு நியூயார்க் மாநிலம் தொழிற்சாலை விசாரணைக் குழு அமைத்தது. ராபர்ட் வாக்னர் தலைவர், ஆல் ஸ்மித் துணைத் தலைவர். ஆய்வுப் பணிகளை வழிநடத்த அழைக்கப்பட்டவர் அதே டாக்டர் பிரைஸ். தீயைத் தெருவில் நின்று கண்ணால் பார்த்த ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ் அதில் பணியாற்றினார். அவர்தான் பின்னாளில் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சர் ஆனார். சில வருஷங்களில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. நிலவறை பேக்கரிகளும் அந்தக் குழுவின் கண்ணில் பட்டன.

அது பழைய காலம், இப்போது அப்படி இல்லை என்று சொல்ல ஆசைதான். 2012 செப்டம்பரில் கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் 250க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்குச் சர்வதேசத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அது வைக்கப்பட்ட தீ என்று பிறகு நீதிமன்றம் சொன்னது. யார் வைத்த தீயாக இருந்தாலும் ஓடித் தப்ப வழி இருந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் டாக்காவில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுவரில் விரிசலை முதல் நாளே எல்லோரும் பார்த்திருந்தார்கள். கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. தையல் தொழிலாளர்கள் மட்டும், சம்பளம் போய்விடுமே என்று உள்ளே போனார்கள்.

அதன் பிறகு வந்த பங்களாதேஷ் ஒப்பந்தம் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டது, சட்டப்படிக் கட்டுப்படுத்துவது. ஆபத்தான கட்டடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமையையும் அது தொழிலாளிக்குக் கொடுத்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய சுகாதார வேலைநிறுத்தத்தை மறுபடியும் கண்டுபிடிக்க அத்தனை உயிர்கள் தேவைப்பட்டிருக்கின்றன.

7

இனி என் கதை. இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதினால் நானும் அந்த ஆய்வாளர் போலத்தான்.

சில வருஷங்களுக்கு முன் நான் இருந்த டீம், தொழிற்சாலை ஆய்வுக்கான ஒரு மொபைல் செயலியை உருவாக்கியது. ஆய்வாளர்கள் டேப்லெட்டோடு போவார்கள், நீண்ட கேள்விப் பட்டியலுக்கு ஆம், இல்லை என்று தட்டிக்கொண்டே போவார்கள். ரொம்ப நேரமாகிறது என்று புகார் வந்தது. நான் ஒரு பொத்தான் வைத்தேன். போன ஆய்வில் சொன்ன பதில்களை அப்படியே கொண்டுவந்து நிரப்பும் பொத்தான். மாறியிருப்பதை மட்டும் திருத்தினால் போதும். இரண்டு நாள் வேலை. டெமோவில் கைதட்டினார்கள்.

பிறகொரு நாள் வேறு ஏதோ பிழையைத் தேடி லாக் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆலை, அடுத்தடுத்த ஆய்வுகள். பட்டியல் முழுவதும் ஒரே நொடியில் நிரம்பியிருந்தது. நடுவில் ஒரு வரி: அவசர வழிக் கதவு பூட்டப்படாமல் இருக்கிறதா? ஆம். அடுத்த ஆய்வு, ஆம். அதற்கடுத்து, ஆம். யாரும் எதையும் திருத்தவில்லை.

அந்தக் கதவு பூட்டியிருந்ததா, திறந்திருந்ததா, எனக்குத் தெரியாது. அதுதான் விஷயமே. மேனேஜருக்கு மெயில் போட்டேன். பாதுகாப்புக் கேள்விகளுக்காவது அந்தப் பொத்தானை எடுத்துவிடலாம் என்றேன். கஸ்டமர் விரும்பினால் அணைத்துவைக்கிற மாதிரி ஒரு செட்டிங் கொடுப்போம் என்று முடிவானது. யாரும் அணைத்ததாக நான் கேள்விப்படவில்லை. நானும் அதற்கு மேல் பேசவில்லை. அந்த வருஷம் எனக்கு நல்ல ஹைக் கிடைத்தது.

பதினெட்டு வயசில் அம்மாவிடம் நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு வாரச் சம்பளமும் ஒருவேளை வேலையும் போயிருக்கும். எனக்கு என்ன போயிருக்கும்? ஒரு மீட்டிங்கில் முகச்சுளிப்பு. அவர் விலை கட்ட முடியாமல் வாயை மூடிக்கொண்டார். நான் அந்த விலையைத் தாராளமாகக் கட்டியிருக்கலாம்.

8

விதிகளை அமல்படுத்துவது பற்றி யோசிக்கும்போது நாம் எப்போதும் கண்களைப் பற்றியே யோசிக்கிறோம். இன்னும் நிறைய ஆய்வாளர்கள், கேமராக்கள், நீளமான பட்டியல்கள், டேப்லெட்டுகள். உண்மை எங்கோ ஒளிந்திருக்கிறது, கண்டுபிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. நிலவறையிலும் சரி, ஒன்பதாவது மாடியிலும் சரி, விரிசல் விட்ட சுவருக்குள்ளும் சரி, உண்மை யாருக்கோ ஏற்கனவே தெரிந்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவர் கொடுக்க வேண்டிய விலைதான் தடையாக இருந்தது. அந்த விலையை யார் கட்டுவது என்று சொல்லாத விதி, தன் பொய்யர்களைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. அப்படிப்பட்ட விதியை எழுதுகிறவருக்கும், அதற்குச் செயலி செய்கிறவனுக்கும் அந்தப் பொய்யில் பங்கு உண்டு.

பாலின் நியூமன் டிரையாங்கிளை விட்டு வெளியேறி, பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் அமைப்பாளர் ஆனார். தீயில் இறந்தவர்களில் அவருடன் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். 1913 முதல் அவர் கூட்டுச் சுகாதாரக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஆய்வாளராக வேலை செய்தார். பெட்டிக்குள் இருந்த குழந்தை ஆய்வாளராக வந்து நிற்கிறார். பட்டறைக்குள் நுழைந்ததும் அவர் கண் முதலில் எங்கே போயிருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன். பெட்டிகளின் பக்கம்தான் போயிருக்க வேண்டும்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் நியூமன் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்த ஆடிட்டரம்மா ஒருத்தி எங்கிட்ட நல்லாத்தான் பேசுச்சு கண்ணு. தண்ணி குடுக்கறாங்களா, லீவு குடுக்கறாங்களான்னெல்லாம் கேட்டுச்சு."

"நீ என்னம்மா சொன்னே?"

"மேனேஜரு பக்கத்துலயே நின்னுட்டிருந்தாரு. எல்லாம் நல்லாருக்குன்னேன்." அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஊட்டுக்கு வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."